பதிப்பிக்கிறோம், ஆனால் உடன்படவில்லை: அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் நாமும்

கறுப்பின மக்களுக்கு என்னதான் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு ஒரு புத்தகம் போடலாம் என 1940களின் தொடக்கத்தில் ஒரு வெள்ளை அமெரிக்கருக்குத் தோன்றியது. அவர் பெயர் டபிள்யூ. டி. கௌச். நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் இயக்குநர். அந்தக் காலத்துத் தென் மாநிலங்களின் அளவுகோலில் அவர் முற்போக்காளர் என்றே பெயர் வாங்கியவர். ஹோவர்ட் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரேஃபோர்ட் லோகனிடம் தொகுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். எல்லாக் குரலும் ஒரே மாதிரி இருந்துவிடக் கூடாது, பழமைவாதிகளும் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் கலந்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. லோகன் அப்படியே செய்தார். டு பாய்ஸ், லாங்ஸ்டன் ஹியூஸ், மேரி மெக்லியோட் பெத்யூன், தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என 14 பேர் எழுதினார்கள்.

கட்டுரைகளைப் படித்த கௌச் அதிர்ந்துபோனார். பழமைவாதி என்று பெயர் எடுத்தவர் முதல் இடதுசாரி வரை 14 பேரும் ஒன்றையே கேட்டிருந்தார்கள். நிறத்தின் பேரால் மனிதரைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு ஒழிய வேண்டும். வேறு பதிப்பாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கௌச் கழன்றுகொள்ளப் பார்த்தார். வழக்குப் போடுவேன் என்றார் லோகன். 1944இல் புத்தகம் வந்தது. முன்பக்கத்தில் கௌச்சின் நீண்ட பதிப்பாளர் முன்னுரையும் வந்தது. நான் இதை வெளியிடுகிறேன், ஆனால் இவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதுதான் அந்த முன்னுரையின் சாரம்.

இதை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா தோழர்களே? 1987இல் மகாராஷ்டிர அரசு, அம்பேத்கர் நூல் வரிசையின் நான்காம் தொகுதியாக ‘இந்து மதத்தில் புதிர்கள்’ நூலை வெளியிட்டது. ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி சிவசேனா கிளம்பியது. அரசு பின்வாங்கியது. பம்பாய்த் தெருக்களில் தலித் மக்கள் பெருந்திரளாக இறங்கிய பிறகுதான் அந்தப் பகுதி திரும்ப வந்தது. வந்தபோது, இந்தப் பகுதியிலுள்ள கருத்துகளில் அரசுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்பையும் சேர்த்துக்கொண்டு வந்தது. எழுதியவர் இந்த நாட்டின் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர். அவருக்கே அந்தக் குறிப்பு தேவைப்பட்டது.

இரண்டு கண்டங்கள், இரண்டு காலங்கள். ஒடுக்கப்பட்டவர் எழுதியதை அச்சிட வேண்டிய கட்டாயம் வரும்போது அதிகாரம் கண்டுபிடிக்கும் வழி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் இளம் தோழர்கள் பலர் இன்று சாதியைப் பற்றிப் பேசும்போது கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட் பதிப்பகங்களின் புத்தகங்களை மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் காட்டுகிறேன். அந்தப் பெயர்களைக் கேட்டதும் எதிரே இருப்பவர் ஒரு நொடி வாயை மூடுகிறார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பதிப்பகங்கள் எப்படி இயங்குகின்றன, யார் பணத்தில் நிற்கின்றன, யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின என்று நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். ஏனென்றால் அதில் நமக்கான பாடமும் இருக்கிறது, நாம் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றும் இருக்கிறது.

சந்தை கைவிட்டதை அச்சிடும் இடம்

அமெரிக்காவில் பல்கலைக்கழகம் பதிப்பகம் நடத்தும் வழக்கம் 1869இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அது இடையில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1878இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பதிப்பகம்தான் இடைவிடாமல் நடந்துவருவதில் மூத்தது. 1937இல் இவை சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. இன்று அதில் பிற நாட்டுப் பதிப்பகங்களும் உண்டு, உறுப்பினர் எண்ணிக்கை 150ஐத் தாண்டிவிட்டது.

இவற்றின் வேலைமுறை எளிமையானது, ஆனால் மெதுவானது. ஆய்வாளர் ஒருவர் கையெழுத்துப் பிரதியை அனுப்புகிறார். அந்தத் துறைக்கான பதிப்பாசிரியர் படிக்கிறார். தேறும் என்று பட்டால், அதே துறையில் ஆய்வு செய்யும் வெளியாட்கள் இருவருக்காவது அனுப்புகிறார். அவர்கள் ஆதாரம் சரியா, வாதம் நிற்கிறதா, ஏற்கெனவே சொன்னதையே சொல்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். ஆசிரியர் பதில் எழுத வேண்டும், திருத்த வேண்டும். கடைசியில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அடங்கிய பதிப்புக் குழு கூடி ஒப்புதல் தருகிறது. அதன் பிறகுதான் மொழி திருத்தம், அச்சு, அட்டை எல்லாம். ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு செய்தும் விற்பது பெரும்பாலும் சில நூறு பிரதிகள். செலவோ சிறியதல்ல. இத்தாகா என்ற ஆய்வு நிறுவனம் 2016இல் 20 பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. ஓர் ஆய்வு நூலை உருவாக்கக் குறைந்தது 15,000 டாலர், சில நூல்களுக்கு 1 லட்சம் டாலருக்கும் மேல் ஆகியிருந்தது. லாபம் பார்க்கும் எந்த முதலாளியும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார். அதனால்தான் பல்கலைக்கழகம் மானியம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மானியம் வீண் என்று சொல்பவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பின எழுத்தாளரின் மிகச் சிறந்த நாவல் 1937இல் வந்தது. பிறகு அச்சில் இல்லாமல் போனது. 1960இல் அவர் வறுமையில் இறந்தார். ஃபுளோரிடாவில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர்க்கல் கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய் அங்கே ஒரு கல் நட்டார், 1975இல் அதைப் பற்றி எழுதினார். கறுப்பினப் பெண்கள் அந்த நாவலை ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றிப் படித்தார்கள், பாடம் நடத்தினார்கள். வணிகப் பதிப்பாளர்கள் விட்டுவிட்ட அந்த நாவலை 1978இல் மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தது இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டதும் அதே பதிப்பகம்தான். புத்தகம் நன்றாக விற்கத் தொடங்கிய பிறகு பெரிய வணிகப் பதிப்பகம் வந்து எடுத்துக்கொண்டது.

தேடியது கறுப்பினப் பெண்கள். அவர்கள் தேடிக் கொடுத்ததை ஏந்திக்கொள்ள, லாபக் கணக்குப் பார்க்காத ஓர் இடம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் ஹர்ஸ்டன் பிழைத்தார். இதில் ஒன்றை மட்டும் புகழ்ந்துவிட்டு மற்றதை மறப்பது நேர்மையாகாது.

வாசலில் நின்றவர்கள்

அந்த இடத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்று கேட்டால், இல்லை.

நார்த் கரோலினாவையே பாருங்கள். ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் என்ற இளம் கறுப்பின ஆய்வாளர் 1939இல் ராலே நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். வெள்ளையர்களோடு உட்கார்ந்து அவர் படிக்கக் கூடாது என்பதால் தனி அறை ஒழுங்கு செய்தார்கள். வெள்ளைப் பணியாளர்கள் கறுப்பருக்கு ஆவணம் எடுத்துத் தரும் நிலை வரக் கூடாது என்பதால், அடுக்குகளுக்கான சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்! சில நாளில் வெள்ளை ஆய்வாளர்கள் புகார் செய்தார்கள். அவருக்குச் சாவி, எங்களுக்கு இல்லையா, இது பாகுபாடு என்றார்கள். சாவி பறிக்கப்பட்டது. இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இந்த நியாயம் புதிதல்ல. நாம் தொட்டால் தீட்டு, நமக்கு ஒன்று கிடைத்துவிட்டால் சலுகை.

அந்த ஆய்வு 1943இல் நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பக நூலாக வந்தது. அடிமை வணிகத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள உறவைச் சொன்ன எரிக் வில்லியம்ஸின் ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ நூலை 1944இல் வெளியிட்டதும் அதே பதிப்பகம். அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் ஒருவர்கூடச் சேர முடியாது. 1951இல் நீதிமன்ற ஆணைக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சட்டப் படிப்பில் சேர்த்தார்கள். கறுப்பர் எழுதிய புத்தகம் உள்ளே போகலாம், கறுப்பர் போக முடியாது.

ஓக்லஹோமாவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. செரோக்கி, சாக்டா, சிக்காசா, கிரீக், செமினோல் என்ற ஐந்து பூர்வகுடி மக்கள் பொதுவில் வைத்திருந்த நிலத்தை அமெரிக்க அரசு தனித்தனிப் பட்டாவாகப் பிரித்தது. பிரித்த நிலத்தை நிலத் தரகர்களும் நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் சுருட்டினார்கள். அநாதைக் குழந்தைகளுக்குக் காப்பாளர் என்று தங்களை நியமித்துக்கொண்டு அவர்களின் எண்ணெய் நிலத்தையும் விழுங்கினார்கள். ஆஞ்சி டீபோ என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் தோண்டி, யார் யார் என்று பெயரோடு எழுதினார். நூலை ஏற்றிருந்த ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1937இல் பின்வாங்கியது. பெயர் வந்தவர்களில் பலர் அப்போதும் மாநிலத்தில் செல்வாக்கோடு உயிருடன் இருந்தார்கள், பல்கலைக்கழகமோ மாநில அரசின் நிதியில் நடந்தது. அந்தப் பதிப்பகத்தின் இயக்குநராக இருந்த ஜோசப் பிராண்ட், 1938இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு மாறினார். கையெழுத்துப் பிரதியைத் தன்னோடு கொண்டுபோனார். 1940இல் புத்தகம் பிரின்ஸ்டனில் வந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பஞ்சமி நிலம்தான் நினைவுக்கு வந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை, 1892இல் தொடங்கிய நில ஒப்படைப்பு, பிறகு அந்த நிலம் யார் யார் பட்டாவில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி. 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். ஊர் ஊராக, சர்வே எண் சர்வே எண்ணாக, இன்று அனுபவிப்பவர் பெயரோடு அந்த வரலாற்றை எழுதி ஒருவர் கொண்டுவந்தால், மாநில அரசின் நிதியில் நடக்கும் நம் பல்கலைக்கழகங்களில் எது அச்சிடும்? ஓக்லஹோமாவின் கேள்வி நம் கேள்வியும்தான்.

சொந்த வீடு ஒன்று இருந்தது

வாசலில் காத்து நிற்பதற்குப் பதிலாகச் சொந்த வீடு கட்டும் முயற்சியும் நடந்தது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட், கறுப்பின மக்களுக்கான வரலாற்றுப் பெருமை கொண்ட பல்கலைக்கழகம். அது 1972இல் தனக்கென்று பதிப்பகம் தொடங்கியது. வால்டர் ராட்னியின் ‘ஆப்பிரிக்காவை ஐரோப்பா எப்படிப் பின்தங்க வைத்தது’ நூலை முதலில் 1972இல் லண்டனில் கறுப்பினச் செயல்பாட்டாளர்கள் நடத்திய சிறு பதிப்பகம் வெளியிட்டது. 1974இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது ஹோவர்ட். 1980இல் கயானாவில் குண்டு வைத்து ராட்னியைக் கொன்றார்கள். புத்தகத்தைக் கொல்ல முடியவில்லை.

அந்தப் பதிப்பகம் 2011இல் மூடப்பட்டது.

வெள்ளையர் கையில் இருக்கும் பதிப்பகங்கள் கறுப்பின ஆய்வுகளை இன்று ஏராளமாக வெளியிடுகின்றனவே, அப்புறம் ஹோவர்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1944ஐ நினைத்துப் பாருங்கள். ஹோவர்ட் பேராசிரியர் லோகனுக்கு அன்று சொந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பதிப்பகம் இருந்திருந்தால், கௌச்சின் முன்னுரையைச் சுமந்துகொண்டு வெளிவர வேண்டிய தேவை அந்தப் புத்தகத்துக்கு இருந்திருக்காது. பிறர் வீட்டில் விருந்தாளியாக எவ்வளவு மரியாதை கிடைத்தாலும், எதை எப்போது பேசலாம் என்பது வீட்டுக்காரர் கையில்தான்.

உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததே. எந்தப் பிரதியைப் படிப்பது, யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பதிப்பாசிரியர் வேலையில் வெள்ளையர்களே நிரம்பியிருக்கிறார்கள் என்ற விமர்சனம் பல ஆண்டுகளாக உண்டு. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., டியூக், ஜார்ஜியா ஆகிய நான்கு பதிப்பகங்கள் மெல்லன் அறக்கட்டளை நிதியில் இதற்காகவே ஒரு பயிற்சிப் பணித் திட்டம் தொடங்கின. அப்படி ஒரு தனித் திட்டம் தேவைப்பட்டது என்பதே ஒப்புதல் வாக்குமூலம்தான். அமெரிக்காவின் பல்கலைக்கழக வேலைகளில் நிரந்தரப் பணி கிடைப்பதற்கு இத்தகைய பதிப்பகத்தில் ஒரு நூல் வந்திருப்பது பல துறைகளில் கிட்டத்தட்டக் கட்டாயம். ஆகவே வாசலில் நிற்பவர் ஒரு நூலின் தலைவிதியோடு ஓர் ஆய்வாளரின் சோற்றையும் தீர்மானிக்கிறார்.

தொழிலாளர் நிலையும் சொல்லப்பட வேண்டும். காலனியம், முதலாளித்துவம் பற்றிய கூர்மையான நூல்களுக்குப் பேர்போனது டியூக் பதிப்பகம். 2021இல் அதன் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்து வென்றார்கள். பல்கலைக்கழக நிர்வாகம் அந்த முடிவை ஆட்சேபித்து இழுத்தடித்தது. அட்டையில் இருக்கும் புரட்சி அலுவலகத்துக்குள் தானாக வந்துவிடாது.

பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு

இப்போது இந்த இடத்துக்கே ஆபத்து வந்திருக்கிறது.

2012இல் மிசௌரி பல்கலைக்கழகம் தன் பதிப்பகத்தை மூடப்போவதாக அறிவித்தது. மிசௌரியில் பிறந்த லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்துகள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்ட பதிப்பகம் அது. மிச்சப்படுத்த நினைத்த மானியம் ஆண்டுக்கு 4 லட்சம் டாலர். எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்துக் கிளம்பியதும் சில மாதங்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

2019இல் ஸ்டான்ஃபோர்ட். பதிப்பகத்துக்கு ஆண்டுதோறும் தந்துவந்த 17 லட்சம் டாலரை நிறுத்தப்போவதாகப் பல்கலைக்கழக நிர்வாகம் சொன்னது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மூலதன நிதி அப்போது 2,600 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பாருங்கள், பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் கூடுதல் செலவாகப் பட்டது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு எதிர்த்த பிறகு முடிவைத் தள்ளிவைத்தார்கள்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அம்பேத்கரையும் காந்தியையும் எதிரெதிரே வைத்து ஐஸ்வரி குமார் எழுதிய ‘தீவிர சமத்துவம்’ 2015இல் வந்தது ஸ்டான்ஃபோர்டில். தமாஷா கலைஞர்களான தலித் பெண்களைப் பற்றி ஷைலஜா பாய்க் எழுதிய நூல் 2022இல் வந்ததும் ஸ்டான்ஃபோர்டில். பாய்க், புனே குடிசைப் பகுதியில் வளர்ந்த தலித் பெண், 2024இல் மெக்ஆர்தர் விருது பெற்றவர். மானியம் வெட்டப்பட்டால் முதலில் விழுவது இப்படிப்பட்ட நூல்கள்தான். நன்றாக விற்கும் பாடநூலை யாரும் வெட்டமாட்டார்கள்.

2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு, மானுடவியல் துறைகளுக்கான தேசிய நிதி அமைப்பு ஏற்கெனவே கொடுத்திருந்த மானியங்களில் பெரும்பகுதியை ஒரே வீச்சில் ரத்து செய்தது. இனம், பாலினம், சமத்துவம் என்ற சொற்களையே சந்தேகத்தோடு பார்க்கும் அரசு அது. ஆய்வுக்குப் பணம் நின்றால் ஆய்வு நூலும் நிற்கும். நம் நாட்டில் பாடநூலிலிருந்து பக்கங்கள் உருவப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம்மைப் பற்றி, நம் கைக்கு எட்டாமல்

தமிழ் மண்ணை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தில் பறையர்களின் பண்ணையடிமைத்தனம், நிலம் மற்றும் உழைப்புச் சிக்கலாகப் பேசப்படாமல் மதம், சமூகம் சார்ந்த சிக்கலாக எப்படி மாற்றப்பட்டது என்று ரூபா விஸ்வநாத் எழுதிய நூல் 2014இல் கொலம்பியா வெளியீடு. சென்னைக் குடிசைப் பகுதியில் தலித் பெண்களின் கிறித்தவ வாழ்வு பற்றி நதானியேல் ராபர்ட்ஸ் எழுதியது 2016இல் கலிஃபோர்னியா வெளியீடு. சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து, தகுதி என்பது எப்படிச் சாதியின் மறுபெயரானது என்று அஜந்தா சுப்ரமணியன் எழுதியது 2019இல் ஹார்வர்ட் வெளியீடு.

நம் சேரி, நம் நிலம், நம் நுழைவுத் தேர்வு. புத்தகம் பிறந்தது நியூயார்க்கிலும் கேம்பிரிட்ஜிலும். விலை டாலரில். மொழி ஆங்கிலத்தில், அதுவும் ஆய்வுலக ஆங்கிலத்தில். ஆய்வுப் படிப்பில் இருந்தபோது இப்படி ஒரு நூலைக் கேட்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பரிந்துரைப் படிவம் எழுதிக் கொடுங்கள், நிதி வந்தால் பார்ப்போம் என்றார்கள். நிதி வருவதற்குள் என் ஆய்வுக் காலமே முடிந்துவிட்டது. யாரோ அனுப்பிய பிடிஎஃப்பில்தான் படித்தேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறோம்.

இதற்காக அந்த ஆய்வாளர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று எழுதியிருக்கிறார்கள். ரூபா விஸ்வநாத், ராபர்ட்ஸ் நூல்கள் நவயானா வழியாக இந்தியப் பதிப்பாகவும் வந்தன. அது நல்ல வழி. ஆனால் தமிழுக்கு வருவது என்பது பெரும்பாலும் ஒரு சிறு பதிப்பாளரின் கைக்காசையும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் தூக்கமில்லாத இரவுகளையும் நம்பி இருக்கிறது. பருத்தி இங்கே, ஆலை அங்கே, துணி வாங்க நமக்குக் காசில்லை என்ற பழைய காலனியக் கணக்கு அறிவிலும் தொடர்கிறது.

பணம் எங்கே பாய்கிறது என்பதையும் பாருங்கள். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி குடும்பம் 52 லட்சம் டாலர் கொடுத்து, ஹார்வர்ட் பதிப்பகத்தில் இந்தியச் செவ்வியல் நூலகம் என்ற வரிசை 2015 முதல் வருகிறது. முதல் நூல்களில் பௌத்தப் பெண் துறவிகளின் தேரிகாதையும் ஒன்று, அதை மனதார வரவேற்கிறேன். பழைய இலக்கியத்துக்கு ஒரு குடும்பத்தின் பணம் நூற்றாண்டுக்கு நிற்கும் வீட்டைக் கட்டிவிட்டது. சாதிக்கு எதிராக எழுதப்பட்டவற்றுக்கு அப்படி ஒரு வீட்டைக் கட்ட எந்தக் கோடீஸ்வரர் வருவார்? வரமாட்டார். ஆகவே அது பொதுப் பணத்தில்தான் நடக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

நமக்கு அச்சு மரபு இல்லாமல் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழ் நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1925இல் ‘குடி அரசு’ வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல இயக்கம் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. ஆனால் சொன்னதைச் சேகரித்து, சரிபார்த்து, நூறாண்டு நிற்கும்படி நூலகத்தில் வைப்பது வேறு வேலை. 1914இல் மறைந்த அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான அலாய்சியஸ் தொகுப்பில் நம் கைக்கு வந்தது 1999இல். வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். 85 ஆண்டுகள் கழித்து ஒரு கல்லூரியின் ஆய்வு மையம் அந்த வேலையைச் செய்தது. அதன் பிறகு தமிழ்நாட்டின் அறிவு வரலாறே வேறு மாதிரிப் பேசப்படுகிறது. இல்லினாய் ஹர்ஸ்டனுக்குச் செய்ததை அது அயோத்திதாசருக்குச் செய்தது.

தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம். தஞ்சையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அச்சும் உண்டு, பதிப்புத் துறையும் உண்டு. சாதி குறித்த ஆய்வைச் சமரசமில்லாமல் வெளியிடும் பதிப்பகமாக அவற்றில் ஒன்றாவது மாற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. துணைவேந்தரோ அமைச்சரோ தொட முடியாத பதிப்புக் குழு வேண்டும். வெளியாட்கள் படித்து மதிப்பிடும் முறை வேண்டும். அந்தக் குழுவிலும் பதிப்பாசிரியர் பணியிலும் இடஒதுக்கீடு வேண்டும். பட்டியலின, பழங்குடி ஆய்வாளர்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அலமாரியில் மக்கிக்கொண்டிருக்கின்றன, அவற்றிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. சென்னையில் 2023 முதல் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி வழியாக அரசு மொழிபெயர்ப்பு நல்கை தருகிறது. நம்மைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படும் ஆய்வுகள் தமிழுக்கு வருவதற்கென்று அதில் ஒரு பங்கு ஒதுக்கக் கேட்போம்.

மூன்றாவது, எழுதுகிறவர்களிடம். நம் தெருவில் உட்கார்ந்து, நம் வீட்டுத் தேநீர் குடித்து, நம் அம்மாக்களின் கதையைப் பதிவு செய்துகொண்டு போகும் ஆய்வாளர் எவராக இருந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே தமிழ் உரிமையையும் மலிவுப் பதிப்பையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியா பதிப்பகம் 2015 முதல் லூமினோஸ் என்ற பெயரில் சில நூல்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகிறது. மனமிருந்தால் வழியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பேட்டி கொடுத்த பெண்மணியின் பேத்தி அந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாது என்றால், அந்த ஆய்வு இன்னும் முடியவில்லை.

கடைசியாக நமக்கு நாமே ஒன்று. ஹார்வர்ட் என்று அட்டையில் போட்டிருப்பதால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது. அமெரிக்காவில் அச்சானது என்பதால் அது ஏகாதிபத்தியச் சதியும் ஆகிவிடாது. வாதத்தைப் படியுங்கள், ஆதாரத்தைப் படியுங்கள், நன்றியுரைப் பக்கத்தையும் தவறாமல் படியுங்கள். யார் பணம் கொடுத்தார்கள், யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

எங்களை அச்சிடுங்கள் என்று கேட்டு நின்ற காலத்தில் முன்னுரை எழுதியவர்கள் அவர்கள். பதிப்புக் குழுவில் நம் ஆட்கள் உட்காரும் நாளில்தான், உடன்பாடில்லை என்ற குறிப்பைச் சுமக்காமல் நம் புத்தகம் வெளியே வரும். அடுத்த பட்ஜெட்டில் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு எவ்வளவு என்று கேட்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்குவோம்.